பதிவேட்டில் இறங்கிய குளிர்

ரபேனி நகரத்தில் எத்தனை டிகிரி குளிர் என்பதை வானிலை நிலைய ஊழியர் ஸ்மரண்டா தினமும் இரண்டு முறை தெரிந்துகொள்வாள். மாலை ஏழு மணிக்கு நிலையத்துக் கருவியில் ஒரு முறை; பிறகு நகரக் கட்சிச் செயலாளர் ஃபிலிமோன் போன் செய்யும்போது இன்னொரு முறை. இரண்டு வாரமாகக் கருவி நான்கு என்றது. ஃபிலிமோன் பதினொன்று என்றார். பதினொன்றுதான் பதிவேட்டில் ஏறியது.

காரணம் எளிது. தொடர்ந்து மூன்று நாள் பத்துக்குக் கீழே போனால், குடியிருப்புகளைச் சூடாக்கும் பாய்லரைப் பற்றவைத்தே ஆக வேண்டும் என்பது சட்டம். பற்றவைத்தால் நிலக்கரி போய்விடும். நிலக்கரியை மிச்சம் பிடித்ததில் மாவட்டத்திலேயே ரபேனிதான் முதலிடம். ஸ்மரண்டாவின் ஆறு வயது மகள் இலிங்கா கையுறையோடு தூங்கினாள்.

பதினொன்று அங்கேயே நிற்கவில்லை. மாவட்ட அலுவலகம் தன் பங்குக்கு இரண்டு கூட்டியது. ருமேனியத் தலைநகர் புக்காரெஸ்டில் இன்னும் இரண்டு. பதினைந்தைப் பார்த்து மகிழ்ந்துபோன வேளாண் அமைச்சர், அடுத்த வாரம் ரபேனித் திராட்சை விழாவுக்கு வருவதாக முடிவெடுத்தார். திறந்தவெளியில், எல்லாரும் மெல்லிய சட்டையில், இரண்டு மணி நேரம்.

ஃபிலிமோன் இந்த முறை போன் செய்யவில்லை. மூச்சிரைக்க நேரிலேயே வந்துவிட்டார்.

"ஸ்மரண்டாம்மா, நாளைக்கு நாலுன்னு எழுதிடுங்க."

"எப்படி தோழர்? இன்னிக்குப் பதினொண்ணு, நாளைக்கு நாலா? ரெண்டுல எது பொய்னு கேக்க மேலேருந்து ஆள் வருவாங்க."

"அமைச்சருக்கு அறுபத்தெட்டு வயசும்மா. இந்தக் குளிர்ல சட்டையோட நிக்க வெச்சா நிமோனியா வந்துரும். அப்புறம் என்னைச் சுரங்கத்துக்கு அனுப்பிடுவாங்க."

"சுரங்கத்துக்குள்ள கதகதப்பா இருக்குமாம், தோழர்."

"கிண்டல் பண்ணாதீங்க. வழி சொல்லுங்க."

ஸ்மரண்டா ஒரு தாளில் படிக்கட்டு மாதிரி கோடு போட்டுக் காட்டினாள். "ஒரு நாளைக்கு ஒரு டிகிரி இறக்கலாம். யாருக்கும் சந்தேகம் வராது. ஏழாவது நாள், விழா அன்னிக்கு, நாலுக்கு வந்துடலாம். மேல எட்டுன்னு போய்ச் சேரும். எட்டுக்கு எல்லாருமே கோட்டு போடுவாங்க."

ஃபிலிமோன் விரல் விட்டு எண்ணினார். பத்து, ஒன்பது, எட்டு, ஏழு. விரல் அங்கேயே நின்றது.

"பத்துக்குக் கீழே மூணு நாள் ஆயிடுதே. பாய்லர்?"

"சட்டம் தோழர்."

ஒரு பக்கம் மாவட்டத்தில் முதலிடம், இன்னொரு பக்கம் அமைச்சரின் நுரையீரல். ஃபிலிமோன் பேனாவை எடுத்து ஸ்மரண்டாவிடம் நீட்டினார்.

"நாளைக்குப் பத்துன்னு எழுதுங்க," என்றார்.

நான்காம் நாள் மாலை வீட்டைச் சூடாக்கும் குழாய்கள் கடகடத்தன. இலிங்கா கையுறையைக் கழற்றி எறிந்தாள்.

விழா அன்று தெற்கிலிருந்து காற்று திரும்பி, வெயில் பதினெட்டு டிகிரி அடித்தது. பதிவேட்டிலோ நான்கு. அதனால் மேடையில் கட்சிக் குழு முழுவதும் கம்பளிக் கோட்டும் ரோமத் தொப்பியுமாக வியர்வை வழிய நின்றது. காரிலிருந்து இறங்கிய அமைச்சர் முதலில் சூரியனைப் பார்த்தார். பிறகு தொப்பிகளைப் பார்த்தார். இத்தனை பேர் தவறாக இருக்க முடியாது என்று முடிவுசெய்து, உதவியாளரிடம் தன் தொப்பியைக் கேட்டு வாங்கிக் காதுவரை இழுத்துவிட்டுக்கொண்டார்.