கோப்புகளுக்கு வால் வெட்டிய அத்தான்

அத்தானுடைய விசிட்டிங் கார்டில் ‘தலைமை மேகச் சிற்பி’ என்று தங்க எழுத்தில் போட்டிருந்தது. அதற்கு முந்தைய கார்டில் வெறும் ‘உரிமையாளர்’தான். இடையில் நடந்தது ஒரு கருத்தரங்கு. கழுத்தில் அட்டையை மாட்டிக்கொண்டு, குளிரூட்டிய அறையில் இரண்டு நாள் உட்கார்ந்து, இடைவேளைதோறும் பிஸ்கட் சாப்பிட்டவர், போனபோது மனிதராகப் போனார். வந்தபோது சிற்பியாக வந்தார்.

கம்பெனி ஒரு சைக்கிள் ரிப்பேர் கடையின் மாடியில் இருந்தது. இணையதளங்கள் செய்து கொடுப்பது தொழில். கணக்கு வழக்கை அவர் மனைவி பார்த்துக்கொண்டாள். புரோகிராம் எழுதியது மனைவியின் தங்கை. வீட்டில் அவளுக்குச் சின்னவள் என்று பேர். “ஆபீஸ்ல அத்தான்னு கூப்பிடாதே, மரியாதையா சார்னு கூப்பிடு” என்று அவர் கேட்டுக்கொண்டதால் அவள் அன்றுமுதல் “அத்தான் சார்” என்று கூப்பிட்டாள். அது பரவிவிட்டது. கூரியர்காரர் அப்படித்தான் கூப்பிட்டார். அவரைவிடப் பத்து வயது மூத்த சைக்கிள் கடைக்காரரும் மாடிப்படியின் கீழிருந்து, “அத்தான் சார், உங்க வண்டியைக் கொஞ்சம் தள்ளி நிறுத்துங்க” என்று குரல் கொடுத்தார்.

அப்போது கையில் இருந்த வேலை, வளர்ப்புப் பிராணிகளுக்கான ஒரு ஹாஸ்டலின் இணையதளம். வெளியூர் போகிறவர்கள் நாயையும் பூனையையும் அங்கே விட்டுவிட்டுப் போவார்கள். சேர்க்கும்போதே பிராணியைப் படம் பிடித்துப் பதிவு செய்ய வேண்டும்; திரும்ப ஒப்படைக்கும்போது படத்தைப் பார்த்து ஒப்படைக்க வேண்டும். அந்தப் படங்களை எங்கே வைப்பது என்பதுதான் கேள்வி. கருத்தரங்குக்கு முன்னால் என்றால் மேஜைக்கு அடியில் இருந்த கம்ப்யூட்டரில் வைத்திருப்பார்கள். இப்போது சிற்பி இருக்கிறாரே! மேகத்தில், அதாவது இணையத்தின் வழியாக எட்டுகிற யாரோ ஒருவருடைய பெரிய கம்ப்யூட்டர்களில், இடம் வாடகைக்கு எடுக்கப்பட்டது.

அந்தக் கணக்கைத் திறப்பதை அத்தான் ஒரு விழாவாகவே நடத்தினார். கோட்டு போட்டுக்கொண்டு வந்து மவுஸைத் தாமே வாங்கிக்கொண்டார். திரையில் வரிசையாகச் சின்னச் சின்னக் கட்டங்கள். வேண்டிய வசதிக்கு டிக் அடிக்க வேண்டும். அவர் எல்லாவற்றுக்கும் அடித்தார்.

“அத்தான் சார், அதுல பாதி நமக்குத் தேவையே இல்ல. எது என்னன்னு படிச்சாவது பாருங்க.”

“வசதின்னு குடுக்கறான். வேணாம்னு சொல்றது நம்ம கௌரவத்துக்கு அழகா?”

மெனு கார்டில் இருக்கிறதையெல்லாம் கொண்டுவரச் சொல்கிற ஆளைப் போல அவர் டிக் அடித்ததை, சின்னவள் அன்று மாலை அக்காவுக்கு நடித்தே காட்டினாள். இருவரும் வயிறு வலிக்கச் சிரித்தார்கள்.

சிரிப்பு அடுத்த வாரம் நின்றது. சோதனைக்காகச் சின்னவள் ஒரே நாய்ப் படத்தை இரண்டு முறை ஏற்றியிருந்தாள். அத்தான் கண்ணாடியை மூக்கு நுனிக்கு இறக்கி, இரண்டாவது படத்தின் பெயரைப் பார்த்தார். ‘நாய்’ என்பதற்குப் பின்னால் சம்பந்தா சம்பந்தமில்லாமல் ஏழு எழுத்துகள்.

“என்ன இது, யாரோ கீபோர்டு மேல தும்முன மாதிரி?”

“நாம வெச்சு வேலை செய்யற ஃபிரேம்வொர்க் தானா ஒட்டற வால் அத்தான் சார். அதே பேர்ல ஏற்கெனவே ஒரு படம் இருந்தா, புதுசு வந்து பழசு மேல விழுந்துடக் கூடாதுல்ல? அதுக்குத்தான்.”

“வாலை வெட்டு.”

“ரெண்டு பேர் ஒரே பேர்ல அனுப்பினா முதல் ஆளோட படம் காணாமப் போயிடும்.”

“ஊர்ல ஆயிரம் நாய், ஆயிரம் பேரு. எப்படிம்மா ஒரே பேர்ல வரும்?”

“சரி, ஒவ்வொண்ணுக்கும் தனி ஃபோல்டராவது போட்டுடறேன்.”

“முகவரி நீண்டுடும். பார்க்கறவன் என்ன நினைப்பான்? சுத்தமா, சுருக்கமா இருக்கணும். இங்க சிற்பி யாரு, நீயா நானா?”

வாதாடிப் பார்த்தாள். அவர் கருத்தரங்கில் யாரோ சொன்னதாக நாலு வாக்கியம் எடுத்து வீசினார். கடைசியில் சின்னவள் அமைப்புக் கோப்பில் ஒரே ஒரு வரியை மாற்றினாள். ‘ஒரே பெயரில் வந்தால் மேலெழுதலாமா?’ என்பதற்கு எதிரே ‘ஆம்’. வால் போயிற்று.

அன்று வீட்டுக்கு நடக்கும்போது அக்காவிடம் விஷயத்தைப் போட்டு உடைத்தாள். வேறொரு கம்பெனி அவளைக் கூப்பிட்டிருக்கிறது. வெள்ளிக்கிழமை மாலைக்குள் பதில் சொல்ல வேண்டும்.

“சம்பளம் கம்மின்னா நான் அவர்கிட்டப் பேசறேன்டி.”

“சம்பளம் இல்லக்கா. நான் எழுதற புரோகிராம் கோடுல கடைசி வார்த்தை என்னுதா இருக்கணும். அதை மட்டும் அத்தான் வாயால சொல்லட்டும், நான் எங்கயும் போகல. உன்னோட பேசிக்கிட்டே நடந்து வர்ற ஆபீஸ் வேற எங்க கிடைக்கும்?”

“அவர் வாயால வேற எல்லாம் வரும். அது வராது” என்றாள் அக்கா. கட்டிக்கொண்டவளுக்குத் தெரியாதா?

வெள்ளிக்கிழமை வந்தது. அன்றுதான் தளத்தின் தொடக்க நாள். ஹாஸ்டலின் வரவேற்பறையில் ஃபினாயில் வாசனை. சுவரில் பெரிய டிவி. பின்னாலிருந்து பலவிதமான குரைப்பு. ஹாஸ்டலை நடத்துகிற அம்மாள் சட்டைப் பையில் நாய் பிஸ்கட்டும் முகத்தில் அவசரமும் வைத்திருப்பவர். காலையிலேயே அவருடைய ஆட்கள் எல்லாப் பிராணிகளையும் போனில் படம் பிடித்துப் பதிவு செய்து முடித்திருந்தார்கள். ஒவ்வொன்றையும் ஏற்றியதும் சரியான படம்தான் வந்தது. முன்னால் ஏற்றியதைத் திரும்பிப் பார்க்க யாருக்கு நேரம்?

அத்தான் பேச எழுந்தார். மேகம் என்றால் என்ன, அதைச் செதுக்குவது எப்படி, அதற்கு எப்பேர்ப்பட்ட பார்வை வேண்டும் என்றெல்லாம் விளக்கினார். ஹாஸ்டல் அம்மாள் இரண்டாவது முறை கைக்கடிகாரத்தைப் பார்த்தார்.

“இப்ப ஒரு மாதிரிப் பதிவு செஞ்சு காட்டறேன். பிராணிக்குப் பதிலா நானே நிக்கறேன்” என்று கோட்டை இழுத்துவிட்டுக்கொண்டு, முகவாயைச் சற்றே உயர்த்தி நின்றார் அத்தான். ஹாஸ்டல் ஊழியர் அதே போனில் படம் எடுத்து ஏற்றினார். டிவியில் சிற்பி கம்பீரமாகத் தோன்றினார். எல்லோரும் கைதட்டினார்கள்.

“இப்ப மொத்தப் பட்டியலையும் திறங்க” என்றார் அத்தான்.

திறந்தார்கள்.

டிவி முழுக்க அத்தான். வரிசை வரிசையாக, முகவாய் உயர்த்திய அத்தான். ஒவ்வொரு அத்தானுக்குக் கீழேயும் ஒரு குறிப்பு. முதல் அத்தான்: ‘பெண் பூனை. பால் ஒத்துக்கொள்ளாது.’ பக்கத்து அத்தான்: ‘குளிக்கக் கூப்பிட்டால் கட்டிலுக்கு அடியில் ஒளியும்.’ அடுத்த வரிசையில்: ‘தனியாக விட்டால் ஊளையிடும். தடவிக் கொடுத்தால் அடங்கும்.’ மூலையில் இருந்தவருக்குச் சிவப்பு எழுத்து: ‘கடிக்கும். தடுப்பூசி போட்டாயிற்று.’

எல்லாவற்றையும் படித்துவிட்டு அக்கா சொன்னாள்: “இதுல பாதி உண்மைதான்.”

ஹாஸ்டல் அம்மாள் முதலில் விழுந்து விழுந்து சிரித்தார். பிறகு சட்டென்று நிறுத்தினார்.

“ஏங்க, சாயங்காலம் ஆளுங்க கூட்டிட்டுப் போக வருவாங்க. வெள்ளையா, சடையா அஞ்சாறு நாய் இருக்கு. எது யாருதுன்னு படத்தைப் பாத்துதான் குடுக்கணும். உங்க மூஞ்சியைப் பாத்து எதைக் குடுக்கறது?”

மேகத்தை அங்கேயே விட்டுவிட்டு, அத்தான் மூலையில் இருந்த ஸ்டூலுக்கு நகர்ந்தார்.

சின்னவள் அந்தப் போனை வாங்கிப் பார்த்தாள். பார்த்ததும் புரிந்துவிட்டது. தளத்தின் பக்கத்திலிருந்தே கேமராவைத் திறந்து எடுக்கும் எந்தப் படத்துக்கும் போன் வைக்கிற பேர் ஒன்றே ஒன்றுதான்: ‘இமேஜ்’. நாய்க்கும் இமேஜ், பூனைக்கும் இமேஜ், சிற்பிக்கும் இமேஜ். வால் இருந்திருந்தால் தனித்தனியாக நின்றிருக்கும். இல்லாததால் ஒவ்வொன்றும் முந்தையதை விழுங்கி, கடைசியில் அத்தான் எல்லாரையும் விழுங்கிவிட்டார். ஆபீசில் கம்ப்யூட்டரிலிருந்தே சோதித்துப் பார்த்தவளுக்கு இது எப்படித் தெரியும்? போனில் ஒரு தடவை பார்த்திருக்கலாம். பார்க்கவில்லை.

நாய்த்தீனி மூட்டையின்மேல் உட்கார்ந்து மடிக்கணினியைத் திறந்தாள். மேகத்தில் அவ்வளவு பெரிய இடத்தில் ஒண்டிக் கட்டையாக ஒரே ஒரு கோப்பு. ‘பழைய பிரதிகளைக் காட்டு’ என்று ஒரு பொத்தான் இருந்தது. அவள் அந்த வசதியைப் போட்டதே இல்லை. மூழ்குகிறவள் துரும்பைப் பிடிக்கிற மாதிரி அதை அழுத்தினாள்.

பொலபொலவென்று ஒரு நெடும் வரிசை இறங்கியது. மேலெழுதப்பட்ட ஒவ்வொரு படமும், ஏற்றிய நேரத்தோடு, கீழே கீழே பத்திரமாக இருந்தது. சடை நாய்கள், பூனைகள், ஒரு முயல்கூட.

யார் இதைப் போட்டது? யோசித்தாள். கோட்டும், மவுஸும், கண்ணை மூடிக்கொண்டு அடித்த டிக்குகளும் நினைவுக்கு வந்தன. தான் நடித்துக் காட்டிச் சிரித்ததும் நினைவுக்கு வந்தது. ஒரு கணம் முகம் சூடாயிற்று.

மற்றது வேலைதான். எந்தப் பிராணி எந்த நேரத்தில் பதிவானது என்பது தளத்தில் இருந்தது. எந்தப் படம் எந்த நேரத்தில் ஏறியது என்பது மேகத்தில் இருந்தது. இரண்டையும் ஜோடி சேர்க்கச் சின்னதாக ஒரு புரோகிராம் எழுதினாள். யாரையும் கேட்காமல் வாலையும் திரும்ப ஒட்டினாள். பிராணிக்கு ஒரு ஃபோல்டரும் போட்டாள். டிவியில் அத்தான்கள் ஒவ்வொருவராக மறைந்து, அந்த இடங்களில் ஈர மூக்குகள் தோன்றின. முதல் வாடிக்கையாளர் வாசலில் வண்டியை நிறுத்தியபோது அவருடைய சடை நாய் அவருடைய நாயாகவே இருந்தது.

“இனிமே எதுன்னாலும் நான் உங்ககிட்டத்தான் பேசுவேன்” என்றார் ஹாஸ்டல் அம்மாள் சின்னவளிடம்.

அத்தான் மூலையில் ஸ்டூலில் உட்கார்ந்திருந்தார். மடியில் எப்படியோ ஒரு பூனை ஏறியிருந்தது. அக்கா பக்கத்தில் போய் நின்றாள்.

“வாலை வெட்டச் சொன்னது யாரு?”

“நான்தான்.”

“வேணாம்னு சொன்னது யாரு?”

அவர் பூனையைப் பார்த்தார். பூனை உதவவில்லை.

“இவளுக்கு வேற இடத்துல வேலை வந்திருக்கு. இன்னைக்கு சாயங்காலம் பதில் சொல்லணும். நீங்க என்ன சொல்லப் போறீங்க?”

அத்தான் நிமிர்ந்து மச்சினியைப் பார்த்தார். முதல் தடவையாக அவர் முகத்தில் சிற்பி இல்லை. அக்காவைப் பெண் பார்த்துவிட்டுப் போன நாளில் செருப்பை மாற்றிப் போட்டுக்கொண்டு போன அதே ஆள் இருந்தார்.

“போயிடாதம்மா. கோடு விஷயத்துல இனிமே நீ சொல்றதுதான். நான் வாயே திறக்க மாட்டேன்.”

“நிஜமாவா அத்தான்?” அவள் ‘சார்’ போட மறந்துவிட்டாள்.

“நிஜமா.”

அங்கேயே நின்று, வருவதற்கில்லை என்று அந்தக் கம்பெனிக்கு நாலு வரி எழுதி அனுப்பினாள். அதற்குப் பிறகு பேசாமல் இருந்திருக்கலாம். ஆனால் உண்மையை மறைக்க மனம் வரவில்லை.

“அத்தான், ஒண்ணு சொல்லணும். பழைய பிரதியெல்லாம் தப்பிச்சதுக்குக் காரணம் நீங்க அன்னைக்கு அடிச்ச டிக்குதான்.”

அத்தானுக்குள் காற்று ஏறுவது கண்ணுக்கே தெரிந்தது. முதுகு நிமிர்ந்தது, முகவாய் உயர்ந்தது, பூனை குதித்து ஓடியது.

“எனக்கு அன்னைக்கே ஒரு பொறி தட்டிச்சு” என்றார்.

அடுத்த வாரம் புதுக் கார்டு வந்தது. பெயருக்குக் கீழே, ‘தலைமை மேகச் சிற்பி, தொலைநோக்கு ஆலோசகர், கோப்புப் பாதுகாப்பு முன்னோடி’. கோடு விஷயத்தில் அவர் சொன்ன சொல்லைக் காப்பாற்றினார். கார்டு விஷயத்தில் யாரும் சத்தியம் வாங்கவில்லை.

அக்கா கார்டைத் திருப்பித் திருப்பிப் பார்த்தாள். “கோப்புக்கு வால் ஆகாதுன்னாரு. இவர் பேருக்கு மட்டும் இவ்வளவு நீள வாலா?”

“இருக்கட்டும்க்கா” என்றாள் சின்னவள். “இதே பேர்ல இன்னொருத்தர் வந்து இவர் மேல விழுந்துட்டா? நமக்கு நம்ம அத்தான்தான் வேணும்.”