பூக்காமல் காய்த்த மரம்

சிங்கப்பூரில் பதினெட்டு வருடம் பூங்காக்களில் புல் வெட்டியும் கிளை கழித்தும் வேலை பார்த்த தமிழரசன், போன ஆவணியில் ஒரேயடியாக ஊர் திரும்பினார். தஞ்சாவூரில் வடவாற்றுப் பக்கம் வீடு. வந்த மூன்றாம் வாரம், சோறு பரிமாறிக்கொண்டே மனைவி மங்களாம்பிகை கேட்டாள்.

"அங்க அத்தனை பார்க்குல வேலை பாத்தீங்களே, நம்ம ஊர்ல எத்தனை பார்க்கு இருக்குன்னு தெரியுமாங்க?"

"சிவகங்கைப் பூங்கா இருக்கு. மணிமண்டபத்துல ஒண்ணு..." என்று இழுத்தவருக்கு அதற்கு மேல் வரவில்லை. அவள் சிரித்துவிட்டு ரசத்தை ஊற்றினாள். அவருக்கோ சோறு இறங்கவில்லை.

மறுநாளே ஸ்கூட்டரை எடுத்துக்கொண்டு கிளம்பிவிட்டார். ஒரு வாரம் அலைந்ததில் நகருக்குள் சின்னதும் பெரியதுமாக இருபத்திரண்டு அகப்பட்டன. சிலதில் ஊஞ்சல் இருந்தது, சிலதில் வெறும் வேலியும் பலகையும்தான். ஒரு வருடம் முழுக்க, மாதம் ஒரு தடவையாவது ஒவ்வொன்றையும் பார்த்துவிடுவது என்று முடிவு செய்தார். சிங்கப்பூரில் எந்த மாதம் போனாலும் ஒரே மழை, ஒரே பச்சை. இங்கே மரங்கள் வெயிலுக்கு ஒரு முகம், மழைக்கு ஒரு முகம் காட்டுமே, அதைப் பார்க்க வேண்டும் என்று ஆசை. இன்னொன்றும் இருந்தது. அத்தனை வருடத்தில் அவர் ஒரு பூங்கா பெஞ்சில்கூட உட்கார்ந்ததில்லை. உட்காரக்கூடாது என்று யாரும் சொல்லவில்லை. மஞ்சள் வேலைச்சட்டையைப் போட்டுக்கொண்டு உட்காரத் தோன்றவில்லை, அவ்வளவுதான்.

புரட்டாசியில், வீட்டிலிருந்து ஐந்து நிமிட நடையில் இருக்கும் குடியிருப்புப் பூங்காவில்தான் அந்த மரத்தைப் பார்த்தார். மூலையில், மழைத்தண்ணீர் தேங்கும் பள்ளத்தை ஒட்டி நின்றது. கீழே நாலு பட்டையாக, விரல் நீளத்தில் காய்கள் கிடந்தன. ஒன்றை எடுத்து உருட்டிப் பார்த்தார். பெயர் தெரியவில்லை. போனில் படம் எடுத்துத் தேடினால் ஒவ்வொரு தடவையும் ஒவ்வொரு பெயர் வந்தது.

"இதோட பூ எப்படி இருக்கும்?" என்று நடைப்பயிற்சிக்கு வந்தவர்களிடம் விசாரித்தார்.

"இது பூக்குற மரமே இல்ல சார்" என்றார் ஒருவர், இரண்டு வருடமாக அங்கே நடப்பவர்.

"பூக்காம எப்படிங்க காய்க்கும்?"

அவர் நின்று, மரத்தை ஒரு தடவை பார்த்துவிட்டு அடுத்த சுற்றுக்குப் போய்விட்டார்.

தமிழரசனை அந்தக் கேள்வி விடாமல் பிடித்துக்கொண்டது. ஐப்பசி மழையில் பூங்காவுக்குள் முழங்கால் தண்ணீர்; மரம் அதில் சுகமாக நின்றது. காணும் பொங்கலன்று சிவகங்கைப் பூங்காவில் குடும்பம் குடும்பமாகக் கட்டுச்சோறு பிரித்தபோதும், அங்கே இந்த மாதிரி மரம் இருக்கிறதா என்றுதான் அவர் கண் தேடியது. மங்களாம்பிகை தலையில் அடித்துக்கொண்டாள். "உக்காந்து சாப்பிடுங்க. மரம் எங்கயும் ஓடிப்போயிடாது."

ஓடவில்லை. ஆனால் மாசியில் மொத்த இலையையும் கொட்டிவிட்டு மொட்டையாக நின்றது. குடியிருப்போர் சங்கச் செயலாளர் சதீஷ், வங்கியில் வேலை பார்க்கும் இளைஞர், மரத்தடியில் நின்று அண்ணாந்து பார்த்துக்கொண்டிருந்தார்.

"பட்டுப்போச்சு சார். வெட்டச் சொல்லி மனு எழுதிட்டேன். இந்த இடத்துல பிள்ளைங்களுக்கு ஒரு சறுக்கு வச்சுக்கலாம்."

தமிழரசன் நகத்தால் ஒரு கிளையைச் சுரண்டிக் காட்டினார். உள்ளே பச்சை.

"உசிர் இருக்கு தம்பி. ஆடி வரைக்கும் விடுங்க. அதுக்கப்புறம் உங்க இஷ்டம்."

சதீஷ் அரை மனதாகத் தலையாட்டினார்.

சித்திரையில் செம்பு நிறத்தில் தளிர் விட்டது. ஆனியில் கிளை கிளையாக நீளமான சரங்கள் தொங்க ஆரம்பித்தன. சரம் முழுக்க மிளகு மிளகாகச் சிவந்த மொட்டுகள். தமிழரசனுக்குக் கால் தரையில் பாவவில்லை. தினமும் இரண்டு வேளை போனார். மாலையில் முட்டிக்கொண்டு நிற்கும் மொட்டுகள், காலை ஏழு மணிக்குப் போனால் காணோம். சரத்தில் பூ இல்லை. கீழேயும் இல்லை. பறவை தின்கிறதா? யாராவது பறிக்கிறார்களா? வாட்ச்மேன் துரைக்கண்ணுவிடம் கேட்டார். "நான் ஆறு மணிக்குத்தான் கேட்டத் தொறக்குறேன் சார். நான் எதையும் பாக்கல" என்றார் அவர், திருட்டுப் பழி வந்துவிடுமோ என்ற முகத்தோடு.

அந்த வாரம் திருக்காட்டுப்பள்ளியில் மங்களாம்பிகையின் அண்ணன் வயலில் குறுவை நடவு. முதல் பஸ்ஸில் போக வேண்டும் என்றாள். விடியுமுன் அவளைப் பஸ் நிலையத்தில் ஏற்றிவிட்டுத் திரும்பியவர், ஐந்தே கால் மணிக்குப் பூங்கா வழியாக வந்தார். பக்கத்துச் சின்னக் கேட் திறந்திருந்தது. உள்ளே சரட்டு சரட்டென்று விளக்குமாற்றுச் சத்தம்.

ஸ்கூட்டரை நிறுத்திவிட்டு உள்ளே போனார். தெருவிளக்கு வெளிச்சத்தில் மரத்தடி முழுக்கச் சிவப்பு. மெல்லிய நூல் குஞ்சங்கள், ஆயிரக்கணக்கில். லேசான வாசம். பச்சைச் சேலைக்கு மேல் வேலைச்சட்டை போட்ட ஒரு பெண், பாதியைக் கூட்டிக் குவித்துவிட்டிருந்தாள்.

"நில்லும்மா! கூட்டாதே!"

அவள் திடுக்கிட்டு நிமிர்ந்தாள். "இன்னைக்குக் கொஞ்சம் லேட்டாயிடுச்சு சார். அஞ்சு நிமிசத்துல சுத்தமாயிரும். சூப்பர்வைசர்கிட்ட சொல்லிராதீங்க."

"புகார் சொல்ல வரலம்மா. இது... இந்த மரத்துப் பூவா?"

"ஆமா சார். ராத்திரி பூத்து விடியக்குள்ள மொத்தமும் கொட்டிரும். நடக்குறவங்க யாரோ வழுக்கி விழுந்துட்டாங்களாம். ஆறு மணிக்கு முன்னாடி ஒரு பூ கிடக்கக்கூடாதுன்னு உத்தரவு. மூணு வருசமா கூட்டுறேன்."

"மரத்துக்குப் பேர் தெரியுமா?"

"செங்கடம்பு" என்றாள், ஊர்ப் பெயர் சொல்வதுபோலச் சாதாரணமாக. "எங்க ஊரு பாபநாசத்துப் பக்கம். வாய்க்கா கரையில ரெண்டு நின்னுச்சு."

அவள் பெயர் வேம்பு. ஒன்பது மாதமாக அவர் யாரையெல்லாமோ கேட்டிருந்தார். பூங்காவை யார் கூட்டுகிறார்கள் என்று மட்டும் ஒருமுறைகூடத் தோன்றவில்லை. பதினெட்டு வருடம் அவரே அந்த வேலையைச் செய்தவர். அங்கே வந்துபோன ஆயிரம் பேரில் ஒருவர்கூட அவரிடம் ஒரு மரத்தின் பெயரைக் கேட்டதில்லை, கேட்டிருந்தால் சொல்லியிருப்பார். முகம் சுட்டது. பக்கத்துப் பெஞ்சில் உட்கார்ந்தார்.

"நீயும் உக்காரும்மா."

"வேலை கிடக்கு சார்" என்றாள். ஆனால் விளக்குமாற்றைச் சாய்த்து வைத்துவிட்டு, பெஞ்சின் மறு ஓரத்தில் உட்கார்ந்தாள்.

அவர் சதீஷுக்குப் போன் போட்டார். தூக்கக் கலக்கத்தோடு லுங்கியில் வந்த சதீஷ், மரத்தடியைப் பார்த்ததும் செருப்பைக் கழற்றிவிட்டார். குனிந்து ஒரு பூவை எடுத்துப் பார்த்தார்.

"வழுக்குதுன்னு புகார் எழுதினது நான்தாங்க" என்றார் கடைசியில். "யாரோ வந்து சொன்னாங்க, நான் நேர்ல பாக்கல. ஏதோ குப்பைன்னு நினைச்சுட்டேன்."

அன்றே வெட்டும் மனுவைத் திரும்ப வாங்கிக்கொண்டார். நடைபாதையை மட்டும் கூட்டினால் போதும், மரத்தடியை எட்டு மணி வரை விட்டுவிடலாம் என்று சூப்பர்வைசரிடம் பேசினார். மறுநாள் காலை நடக்க வந்தவர்கள் அந்த மூலையில் வந்ததும் நின்றார்கள். பூக்குற மரமே இல்லை என்றவர் ஒரு பூவை உள்ளங்கையில் வைத்து ஊதி ஊதிப் பார்த்துக்கொண்டிருந்தார்.

வேம்புக்கு ஒரு சந்தேகம் மிச்சம் இருந்தது.

"கொட்டினதைத்தான் பாத்திருக்கேன் சார். மலர்றத ஒரு தடவைகூடப் பாத்ததில்ல. எத்தனை மணிக்குப் பூக்கும்?"

"தெரியலையே" என்றார் தமிழரசன். "பாத்துடுவோமா?"

சனிக்கிழமை சாயங்காலம் வேம்பு தலைநிறையக் கனகாம்பரம் வைத்துக்கொண்டு வந்தாள். மங்களாம்பிகை சுண்டல் செய்து கொண்டுவந்தாள். சதீஷும் சேர்ந்துகொண்டார். நாலு பேரும் தாழ்வான ஒரு சரத்துக்கு எதிரே பெஞ்சை இழுத்துப் போட்டு உட்கார்ந்தார்கள். ஏழு மணிவரை ஒன்றும் நடக்கவில்லை. ஏழரைக்கு, கேட்டைப் பூட்ட வேண்டும் என்று துரைக்கண்ணு விசிலோடு வந்தார். என்ன பார்க்கிறார்கள் என்று அவரும் குனிந்தார்.

மேலே இருந்து மூன்றாவது மொட்டு லேசாக விரிந்திருந்தது. உள்ளே சுருட்டி வைத்த சிவப்பு நூல் ஒன்று வெளியே நீண்டது. பிறகு இன்னொன்று.

"அசையாதீங்க" என்றாள் வேம்பு, மூச்சைப் பிடித்துக்கொண்டு. துரைக்கண்ணு விசிலைப் பையில் போட்டுக்கொண்டார்.