ஒரு தொட்டித் தண்ணீர் எல்லை தாண்டிய வரலாறு

மகளின் கல்யாணத்துக்காக ப்ளாகோயே அயல்நாடு புறப்பட்ட அன்று, அவர் மனைவி வாசலில் கொட்டிய ஒரு தொட்டித் தண்ணீர் வற்றாமல், சிதறாமல், அவருடைய சைக்கிளுக்குப் பின்னாலேயே ஹங்கேரி எல்லைச் சாவடி வரை வந்து சேர்ந்தது. அந்த வாரம் அவர்களுடைய செர்பிய ஊரான பாக்ரெமில் தர்ப்பூசணி மலிந்திருந்தது. மழை பெய்து நெடுநாளாகியிருந்தது. ஆகவே சாலை ஈரத்துக்கு வேறு காரணம் சொல்ல யாராலும் முடியவில்லை.

பயணம் புறப்படுகிறவரின் முதுகுக்குப் பின்னால் தண்ணீர் ஊற்றுவது செர்பியாவில் எல்லா வீட்டிலும் உள்ள வழக்கம்தான். தண்ணீரைப் போலத் தடையின்றிப் போய், அதைப் போலவே தடையின்றித் திரும்பட்டும் என்பது அதன் கருத்து. அதற்கு ஒரு குவளை போதும். அவர் மனைவி தெசாங்கா அம்மாள் துணி துவைக்கும் தொட்டியையே கவிழ்த்ததற்குக் காரணம் இருந்தது. மகள் வெஸ்னா தவழ்ந்துகொண்டிருந்த காலத்தில், ரொட்டிக்கு ஈஸ்ட் வாங்கி வருவதாகச் சொல்லிக் கடைக்குப் போன ப்ளாகோயே, குழந்தை பள்ளிக்கூடம் போகத் தொடங்கிய பிறகுதான் வீடு திரும்பினார். கையில் ஓர் அக்கார்டியன் வாத்தியப் பெட்டி இருந்தது, ஈஸ்ட் இல்லை. குழந்தை அவரைப் பார்த்து, “மாமா, யாரைப் பாக்கணும்?” என்று மரியாதையாகக் கேட்டது. அந்தக் கேள்வி அவருக்குள்ளே எங்கோ தைத்தது. பிறகு அவர் சந்தைக்குப் போனாலும் இருட்டுமுன் திரும்பிவிடுவார். ஆனால் ஊர் எதையும் மறக்கவில்லை. ஹங்கேரியின் ஸெகெத் நகரத்தில் வேலைக்குப் போய் அங்கேயே மாப்பிள்ளை பார்த்துக்கொண்ட வெஸ்னாவும் மறக்கவில்லை. தொலைபேசியில் அவள் சொன்னது இவ்வளவுதான்: “வரேன்னு சொல்லாதப்பா. வந்து நில்லு.”

ஆகவே ப்ளாகோயே கறுப்புக் கோட்டு அணிந்து, ப்ளம்பழச் சாராயம் ஒரு புட்டி எடுத்துக்கொண்டு, சாவடி வாசலில் வந்து நின்றார். அயல்நாட்டுப் பயணி காட்ட வேண்டியவை எவை என்று அங்கே ஒரு பலகை சொல்லிற்று. கடவுச்சீட்டு இருந்தது, மகளின் அழைப்பு இருந்தது, தங்குமிடம் இருந்தது. கடைசி வரியில்தான் சிக்கல். பயணி தன் நாட்டுக்குத் திரும்பிப் போவார் என்பதற்கு அத்தாட்சி வேண்டும்.

அதிகாரி கெல்லெர்ட் கண்ணாடியைத் துடைத்துக்கொண்டார். “வீடு இருக்கா?”

“இருக்குங்க. சம்சாரம் பேர்ல.”

“நிலம்?”

“அதுவும் அவ பேர்லதான்.”

“உங்க பேர்ல என்னதான்யா இருக்கு?”

ப்ளாகோயே யோசித்தார். “இந்த சைக்கிள். அதுலயும் பின்சக்கரம் மச்சினனோடது.”

வரிசையில் பின்னால் நின்ற ருஷீத்ஸா, அடுத்த வீட்டுக்காரி, உதவி செய்வதாக எண்ணிக் குரல் கொடுத்தாள். “நல்ல மனுஷர் சார்! ஒரே ஒரு தடவைதான் ஈஸ்ட் வாங்கப் போயிட்டு...”

“நீ கொஞ்சம் வாயை மூடு தாயே!” என்றார் ப்ளாகோயே.

அதிகாரி கடவுச்சீட்டை மூடித் திருப்பி நீட்டிய வேளையில்தான் அவர் பூட்ஸ் நனைந்தது. குனிந்து பார்த்தார். ப்ளாகோயேயின் குதிகாலை ஒட்டிக்கொண்டு தண்ணீர் நின்றது. அதன் மீதி உடல், நூல் போல் மெலிந்து, சூரியகாந்தி வயல்களுக்கு நடுவே எங்கும் அறுபடாமல் மின்னிக்கொண்டு போயிற்று. கெல்லெர்ட் அவரைச் சாவடியைச் சுற்றி நடக்கச் சொன்னார். தண்ணீரும் சுற்றி வந்தது. துடைப்பத்தால் தள்ளினார், அது துடைப்பத்துக்கு வழிவிட்டு மறுபடி குதிகாலுக்கே வந்தது. அது திரவச் சரக்கா, கால்நடையா, உடன் வரும் உறவினரா என்று விதிப் புத்தகத்தில் தேடினார். மூன்றிலும் அது அடங்கவில்லை.

“இதோட மறுமுனை எங்கே?”

“அவ கிட்ட.”

கெல்லெர்ட் நம்பவில்லை. துடைப்பக் கட்டையால் அந்த நீர்நூலை ஒரு தட்டுத் தட்டினார். அந்த அதிர்வு வயல்களின் ஊடே ஓடி மறைந்தது. சற்றுப் பொறுத்து, பாக்ரெம் பக்கத்திலிருந்து ஓர் இழுப்பு வந்தது. ப்ளாகோயே சாவடி வாசலில் மல்லாந்து விழுந்தார். சாராயப் புட்டியை மட்டும் உயரத் தூக்கிப் பிடித்துக்கொண்டார். வரிசை முழுவதும் கைதட்டிற்று. அதிகாரி முத்திரையைக் குத்தி, அத்தாட்சி என்ற கட்டத்தில் ‘உண்டு, ஈரமாக இருக்கிறது’ என்று எழுதினார்.

கல்யாணத்தில் ப்ளாகோயே வந்து நின்றார். தேவாலய வாசலிலிருந்து பலிபீடம் வரை கோடாக நனைந்திருந்ததை மாப்பிள்ளை வீட்டார் செர்பியர்களின் சம்பிரதாயம் என்று எண்ணி, பாவாடைகளையும் கால்சட்டைகளையும் சற்று உயர்த்திக்கொண்டு மரியாதையோடு தாண்டினார்கள். வெஸ்னா அந்த ஈரத்தைப் பார்த்தாள். பிறகு அப்பாவைப் பார்த்தாள். “அம்மா தொட்டியையே கவுத்துட்டாளா?” என்றாள். அப்பா தலையாட்டினார். முதல் நடனத்தை அவள் அவரோடுதான் ஆடினாள். திங்கட்கிழமை குதிகாலில் மெல்ல இழுப்பு கண்டதும் அவர் சைக்கிளை எடுத்தார். அவர் தெருமுனை திரும்பும்போது, மகள் மேசையிலிருந்த தண்ணீர்க் கோப்பையை எடுத்து அவர் பின்னால் ஊற்றினாள்.

வீட்டு வாசலில் தெசாங்கா அம்மாள் தொட்டியைச் சாய்த்துப் பிடித்திருந்தார். கயிறு சுற்றிக்கொள்வது போல் தண்ணீர் அதற்குள் போய்ச் சேர்ந்தது.

“வந்துட்டியா மனுஷா? சாவடியில என்னைத் தட்டினது எவன்?”

ப்ளாகோயே கோட்டுப் பையிலிருந்து ஒரு பொட்டலத்தை எடுத்து மனைவியின் உள்ளங்கையில் வைத்தார். ஈஸ்ட். அந்த அம்மாள் அதை முகர்ந்து பார்த்தார், நல்ல சரக்குதான். பிறகு கணவரின் காலடியைப் பார்த்தார். தொட்டி நிறைந்த பிறகும் அங்கே மெல்லிய ஈரக்கோடு ஒன்று மிச்சமிருந்தது. அது வடக்கே, எல்லைப் பக்கம் போயிற்று.

“இது யாரோடது?”

“வெஸ்னாவோடது.”

தெசாங்கா அம்மாள் அதை மிதிக்காமல் காலை எடுத்து வைத்தார். “கேட்டைச் சாத்தாதே, அறுந்துடப் போகுது. அடுத்த தடவை நானும் வரேன்.”

அதன் பிறகு வந்த ஆண்டுகளில் சாவடிப் பலகையின் கடைசி வரிக்குக் கீழே ‘தண்ணீரும் ஏற்கப்படும்’ என்று சேர்த்தார்கள். கெல்லெர்ட் ரப்பர் பூட்ஸுக்கு மாறினார். பாக்ரெம் ஊரில் அந்த வீட்டுக் கேட் மழைக்கும் பனிக்கும் ஒரு விரல்கடை திறந்தேதான் இருக்கிறது. வாத்துகள் அந்தக் கோட்டில் நீர் குடிக்கின்றன, அது குறைவதில்லை.