பேட்டரி மாற்றிய காது

ஓய்வுபெற்ற பள்ளி ஆய்வாளருக்கு உலகத்தில் மதிக்கத் தகுந்த ஆள் ஒருவர்தான். அவரைத் தினமும் காலையில் சவரக் கண்ணாடியில் பார்த்துக்கொள்வார். மற்றவர்களெல்லாம் கால் தூசு. சொந்த மகனையே மனத்துக்குள் 'தண்டம்' என்றுதான் கூப்பிடுவார்.

அந்தத் தண்டத்திடம்தான் காது மிஷினைக் காட்ட வேண்டியிருந்தது. சட்டைப் பையில் போட்டுக்கொண்டு வயரைக் காதில் செருகிக்கொள்கிற மிஷின். உள்ளே பேட்டரி செத்துவிட்டது. சார்ஜர் சுவரில் இருக்கும்வரை கேட்கும். பிடுங்கினால் ஒன்றும் கேட்காது. கட்டிப்போட்ட மாடு மாதிரி சுவரோரமாகவே உட்கார்ந்திருந்தார்.

"அடுத்த வாரம் பாக்கலாம்பா" என்றான் மகன். அதோடு சரி.

ஆய்வாளருக்குப் புரிந்துவிட்டது. காது கேட்டால் இவர்கள் வண்டவாளம் வெளியே வந்துவிடும். அவர் சார்ஜரைப் பிடுங்கியதும் மகனும் மருமகளும் வாயசைக்கத் தொடங்குகிறார்களே, வேறு யாரைப் பற்றியாம்? வேலையில் இருந்த காலத்தில் அவர் தலை தெரிந்தாலே வாத்தியார்கள் குசுகுசுவென்று திட்டுவார்கள். அற்பப் பதர்கள். இவர்களும் அதே ஜாதி.

தானே கடைத்தெருவுக்குப் போனார். ரிப்பேர்காரர் மிஷினைச் சார்ஜரில் மாட்டிவிட்டு உதட்டைப் பிதுக்கினார்.

"இதுல பேட்டரி மாத்த முடியாது சார். புதுசு வாங்கிடுங்க."

"எனக்குத் தெரியாதுன்னு சொல்லு. முடியாதுன்னு சொல்லாத."

ரிப்பேர்காரருக்கு ரோஷம் வந்துவிட்டது. மூடியை நெம்பித் திறந்தார். பழைய பேட்டரி வயிறு உப்பிக் கிடந்தது. அதைக் கழற்றி, சிவப்பு வயரையும் கறுப்பு வயரையும் புதியதில் பற்றவைத்தார்.

"கை நடுங்குது பாரு" என்றார் ஆய்வாளர். நடுங்கவில்லை. குறை சொல்லாமல் அவருக்கு இருக்க முடியாது, அவ்வளவுதான்.

வீட்டில் மூச்சு விடவில்லை. சார்ஜர் வயரைச் சுருட்டி எல்லார் கண்ணிலும் படும்படி மேசைமேல் வைத்தார். காதில் எப்போதும்போல வயர் தொங்க, பேப்பரை விரித்துக்கொண்டு கூடத்தில் உட்கார்ந்தார். சுவரில் சார்ஜர் இல்லையென்றால் மாமாவுக்குக் காது இல்லை. பேசட்டும்.

பேசினார்கள். குழாய் ஒழுகுகிறது. ஆபீஸ் மேனேஜர் மூக்கை உறிஞ்சுகிறார். புது சோப்புத் தூள் நுரைக்கவே இல்லை. மறுநாளும் அதே குழாய், அதே மூக்கு. சுடச்சுடப் பதிலடிகளைத் தயார் செய்து வைத்திருந்த ஆய்வாளர் பல்லைக் கடித்துக்கொண்டு காத்திருந்தார்.

அன்று மாலை அவர் காத்திருந்தது வந்தது.

"பெரிசத் தள்ளி விட்டுடலாங்க" என்றாள் மருமகள். "எடத்த அடச்சிக்கிட்டு, ராத்திரி பூரா உறுமிக்கிட்டு..."

"வயசாயிடுச்சு. யாரு எடுத்துக்குவாங்க?"

"சும்மா குடுத்தா எவனாவது தூக்கிட்டுப் போறான்."

ஆய்வாளருக்கு உடம்பெல்லாம் எரிந்தது. கூடவே, வெட்கக்கேடு, உள்ளுக்குள் கொஞ்சம் குளிர்ந்தும் போயிற்று. பேப்பரை வீசிவிட்டு எழுந்தார்.

"யாருடா பெரிசு? என்னத் தூக்கிட்டுப் போக எவன்டா வரான்? இது நான் கட்டின வீடு!"

இருவரும் திருதிருவென்று விழித்தார்கள். மருமகள் சமையலறை மூலையைக் காட்டினாள்.

"ஃபிரிட்ஜ், மாமா. பெரிசக் குடுத்துட்டுச் சின்னதா ஒண்ணு வாங்கலாம்னு..."

"கத விடாத! பேட்டரி மாத்தியாச்சு. நேத்துலேர்ந்து எல்லாத்தையும் கேட்டுக்கிட்டுத்தான் இருக்கேன். என்னப் பத்தி நீங்க..."

கேட்டதையெல்லாம் மனத்துக்குள் புரட்டிப் பார்த்தார். குழாய் இருந்தது, மூக்கு இருந்தது, சோப்புத் தூள் இருந்தது. அவரைப் பற்றித் திட்டாக ஒரு சொல் இல்லை. சாப்பிட்டாரா என்றுகூட இல்லை.

மகன் பதறிப்போய்ப் பக்கத்தில் வந்தான். அப்பாவைச் சமாதானப்படுத்தத்தான் பார்த்தான், பாவம்.

"சத்தியமா இல்லப்பா" என்றான். "உங்களப் பத்திப் பேசறதுக்கு என்னப்பா இருக்கு?"

புது பேட்டரி. ஒரு எழுத்துக் குறையாமல் கேட்டது.