ஹருகாவை எழுதிய நாள்

மழை. அவசரமில்லாத, நிற்காத ஜூன் மழை. ஆஸ்பத்திரியின் ஐந்தாம் மாடியிலிருந்து பார்த்தால் நகோயா நகரமே கரைந்துகொண்டிருந்தது.

இளம்பரிதி அதைப் பார்த்துக்கொண்டிருந்தான். பதினான்கு நாளாக. கண் எரிந்தது. மூடினால் இன்னும் எரிந்தது.

கீழ்த்தளத்தில், பிறந்து பதினான்கு நாளான மகள். இந்தத் தளத்தில் மனைவி மிஹோ. பிரசவத்தில் ரத்தம் நிற்காமல் போய், குழாய்களுக்கு நடுவே, நினைவில்லாமல்.

பிரசவ அறைக்குள் போகும்போது ஒன்றுதான் சொன்னாள். "பொண்ணுன்னா ஹருகா." ஸ்ரீபெரும்புதூர் தொழிற்சாலையில் மூன்று வருடம் வேலை பார்த்தபோது அவள் கற்ற தமிழ். அவனைப் பார்த்ததும் அங்கேதான்.

எந்த எழுத்து என்று சொல்லவில்லை.

ஜப்பானியப் பெயருக்கு ஒலி ஒன்று. எழுத்து பல. வசந்தத்தின் வாசனை என்று எழுதலாம். தெளிந்த வானம் என்று தொடங்கலாம். ஒரே எழுத்தில், தூரம் என்றும் எழுதலாம். மிஹோவின் பள்ளி வகுப்பில் மூன்று ஹருகாக்கள் இருந்தார்களாம். கூப்பிட்டால் மூவரும் திரும்புவார்கள். எழுதினால் மூவரும் வேறு வேறு.

பெயர் பதிய இன்றே கடைசி நாள்.

மாமியார் தோஷிகோ குடையை நீட்டினாள். "தூரம்னு மட்டும் எழுதிடாதீங்க" என்றாள் தன் மொழியில். "அவ ஏற்கெனவே ரொம்பத் தூரத்துல கெடக்கா."

நகராட்சி அலுவலகத்தில் எழுத்தர் படிவத்தை அவன் பக்கம் திருப்பினார். "பேர் எழுதுற கட்டம் காலியா இருக்குங்களே."

வசந்தம் முடிந்துவிட்டது. வானம் தெளியவில்லை. அவனுக்குப் பொய் எழுத வரவில்லை.

தூரம். தூரம் என்றால் இல்லாமல் போவதில்லை. எங்கோ இருப்பது. காஞ்சிபுரத்திலிருந்து அவன் வந்து சேர்ந்ததும் தூரம்தானே. தூரத்தில் இருப்பவர்கள் வருவார்கள்.

டோக்கன் சீட்டின் பின்புறம் எழுதிப் பார்த்தான். அந்த ஒரே எழுத்துக்குப் பன்னிரண்டு கோடுகள். அடித்தான். மறுபடி எழுதினான். பிறகு கட்டத்துக்குள், மெதுவாக.

ஆஸ்பத்திரிக்குத் திரும்பித் தோஷிகோவிடம் சொன்னான். அவள் சோற்று உருண்டை ஒன்றை அவன் கையில் வைத்துவிட்டு முகத்தைத் திருப்பிக்கொண்டாள்.

ஐந்து நாள் கழித்து மிஹோ கண் திறந்தாள். மேலும் இரண்டு நாள் கழித்துக் குரல் வந்தது. காய்ந்த குரல்.

"எந்த எழுத்து?"

படிவத்தின் நகலைக் காட்டினான். வெகுநேரம் பார்த்தாள்.

"தூரமா?"

"நீ தூரத்துல இருந்த. இல்லாமப் போயிடல. அதான்."

"நான் சாதாரண எழுத்துலயே எழுதலாம்னு இருந்தேன். சின்னப் புள்ளைங்க முதல்ல படிக்கிறது. மூணே எழுத்து. உங்க கைக்குச் சுலபமா இருக்கும்னு."

அவன் உட்கார்ந்துவிட்டான்.

"மாத்திடலாமா?"

"வேணாம்." விரலால் தாளைத் தொட்டாள். "கடைசிக் கோடு கோணலா இருக்கு. நீங்க எழுதினதுன்னு அவளுக்குத் தெரியட்டும்."

தோஷிகோ குழந்தையைத் தூக்கி வந்து மகளின் தோளருகே கிடத்தினாள். அவளும் தாளை எட்டிப் பார்த்தாள். மூக்கை உறிஞ்சினாள்.

"ஹருகா" என்றாள் மிஹோ. முதல் தடவை.

குழந்தை வாயை அகலத் திறந்து கொட்டாவி விட்டது.

இளம்பரிதி கட்டிலின் ஓரத்தில் தலையைச் சாய்த்தான். அப்படியே தூங்கிப்போனான்.