கல்பாராவில் நான்கு மணித் தேநீர்

பெண்ணின் மணிக்கட்டால் லெக் ஸ்பின் போட முடியாது என்பதை உலகத்திலேயே முதன்முதலாக அறிவியல் முறையில் நிறுவியவன் நான். மெல்போர்னில் எங்கள் கல்லூரி இதழில், 1934 அக்டோபரில், நான்கு பக்கங்கள், இரண்டு படங்கள். பெண்கள் பந்து வீச, ஆண்கள் ரொட்டிக்கு வெண்ணெய் தடவும் நாளில் நாகரிகம் முடிந்துவிடும் என்றும் எச்சரித்திருந்தேன். படம் வரைய ஒரு மணிக்கட்டு தேவைப்பட்டது. என் அக்கா வெர்னா மறுக்காமல் கையை நீட்டினாள். அவள் எங்கள் ஊரான கல்பாராவின் பெண்கள் அணியில் லெக் ஸ்பின் போடுபவள்.

கோடை விடுமுறைக்கு நான் ஊர் திரும்பிய வாரம், இங்கிலாந்துப் பெண்கள் அணி எங்கள் ஊர் அணியோடு ஆட வந்தது. மைதானக் குழுவில் ஏழு ஆண்கள். உருளை இழுக்க ஆள், கொடி ஏற்ற ஆள், பேண்டு வாசிக்க ஆள் என்று எல்லாம் பிரித்துக் கொடுத்தார்கள். நிகழ்ச்சி நிரலில் 'மாலை 4: தேநீர்' என்று அச்சிட்டார்கள். நாற்பது ஆண்டுகளாக நான்கு மணிக்குத் தேநீர் வந்துகொண்டிருந்தது. அதைக் கொண்டுவருகிறவர்கள் அன்று வெள்ளைப் பாவாடையோடு ஆடுகளத்தில் நிற்பார்கள் என்பது ஏழு பேருக்கும் தோன்றவில்லை. மீதிப் பெண்கள் நாற்காலி போட்டு, ஆட்டத்தைப் பார்த்து உட்கார்ந்துவிட்டார்கள்.

மூன்றேகால் மணி. இங்கிலாந்து ஐந்து விக்கெட்டை இழந்திருந்தது. மூன்று வெர்னாவுடையது. தேசிய அணித் தேர்வாளர் மிஸ் கேர்ன்ஸ் மரத்தடியில் குறிப்பேட்டோடு இருந்தார். அணியில் ஓரிடம் காலி. மாலை ரயிலில் அவர் போய்விடுவார்.

ஓவர் முடிந்ததும், எல்லைக் கோட்டருகே நின்ற வெர்னாவிடம் மைதானக் குழுத் தலைவர் ட்ரெவின் நடந்து வந்தார். அந்தப் பக்க எல்லைக் கோட்டில் இரண்டாம் கட்டுரைக்குக் குறிப்பெடுத்துக்கொண்டிருந்த எனக்கு எல்லாம் கேட்டது.

"வெர்னா, டீக் கொப்பரைக்கு இன்னும் அடுப்பு மூட்டலையேம்மா. எப்பவும் நீதானே மூட்டுவே. ஓடிப் போய் முடிச்சிட்டு வா. பந்தை வேற யாராவது போடட்டும்."

"இன்னும் அஞ்சு பேர் பாக்கி இருக்காங்க, மிஸ்டர் ட்ரெவின்."

"இங்கிலாந்துக்காரங்களுக்கு டீ இல்லேன்னா ஊர் மானம் என்னத்துக்கு ஆகும்?"

"நீங்களே மூட்டுங்களேன்," என்றாள் எனக்குப் பக்கத்தில் இருந்த அம்மா, நாற்காலியை விட்டு அசையாமல்.

"எனக்குத் தீப்பெட்டி எங்க இருக்குன்னே தெரியாதே," என்றார் அவர், சற்றுப் பெருமையாக.

வெர்னா மரத்தடியைப் பார்த்தாள். பந்தைப் பாவாடையில் துடைத்தாள், யாரிடமோ கொடுக்கப் போகிறவள்போல. பிறகு என் பக்கம் திரும்பினாள்.

"என்ன புரொபசர், எழுத விஷயம் கிடைச்சிடுச்சா?"

அவள் குரல் சரியாக இல்லை.

"கொப்பரைல எவ்வளவு தண்ணி?" என்றேன்.

"முக்கால்." கொஞ்சம் நிறுத்தி, "தீப்பெட்டி மேல் தட்டுல, சர்க்கரை டப்பாவுக்குப் பின்னால."

தேநீர்க் கொட்டகையின் ஒரே ஜன்னல் ஆட்டுப்பட்டியைப் பார்த்தது. விறகு பற்றிக்கொள்ளும்போது மைதானத்தில் முதல் கூச்சல். வெள்ளரிக்காய் நறுக்கும்போது இரண்டாவது. அடுத்தடுத்து இன்னும் இரண்டு. ஐந்தாவதற்குப் பேண்டே வாசித்தது. வெர்னாவின் ஆட்ட வாழ்க்கை பதினான்கு ஆண்டுகள் நீண்டது. நடுவில் ஒரு போர், ஆறு டெஸ்ட், முப்பத்தொரு விக்கெட். அது தொடங்கிய பிற்பகலில் நான் பார்த்ததெல்லாம் செம்மறி ஆடுகள்.

நான்கு மணிக்கு மிஸ் கேர்ன்ஸ் உள்ளே வந்தார்.

"எட்டு விக்கெட். உங்க அக்கா வர்ற வெள்ளிக்கிழமை சிட்னியில இருக்கணும்." ரொட்டித் தட்டை உற்றுப் பார்த்தார். "மணிக்கட்டைப் பத்தி எழுதினது நீங்கதானா?"

"அது வேற ஒருத்தர்."

"ரொட்டி ஓரத்தை வெட்டலையே."

கத்தியை எடுத்து ஓரங்களை வெட்டினேன். மீதமிருந்த ரொட்டிகளுக்கு, மூலை விடாமல், வெண்ணெய் தடவினேன்.