முழுவேக்காட்டார் சொன்னால்தான் வேகும்

இறைச்சிப் பரிசோதகர் வேலைக்கு வந்து சேர்ந்த நாளிலிருந்து முப்பத்தோர் ஆண்டுகளாக, அவர் "வெந்துடுச்சு" என்று சொல்லாமல் அந்த ஊரில் எந்தப் பன்றிக்கறியும் வெந்ததில்லை. குழம்பு கொதிக்கும், வெங்காயம் கரையும், கறி மட்டும் கடையில் வெட்டி வாங்கிய சிவப்பிலேயே கிடக்கும். அவர் சொன்ன கணத்தில், அதுவரை பட்ட சூடெல்லாம் ஒரே மூச்சில் வேலை காட்டிவிடும். ஆகவே ஞாயிற்றுக்கிழமைகளில் ஜனங்கள் சட்டியைத் துணியில் சுற்றித் தூக்கிக்கொண்டு அவர் வீட்டு ஜன்னலுக்கு வெளியே வரிசையில் நின்றார்கள். எவ்வளவு நேரம் அடுப்பில் இருந்தது என்று கேட்பார். இரண்டரை மணிநேரத்துக்குக் குறைந்தால் திருப்பி அனுப்பிவிடுவார். கெஞ்சினாலும் கொஞ்சினாலும் அவரிடம் பருப்பே வேகாது, கறி எங்கே வேகும் என்று ஊர் சிரித்தது. யாரைப் பார்த்தாலும் அரைவேக்காடு என்று திட்டுகிற ஊர், அவருக்கு மட்டும் முழுவேக்காட்டார் என்று பெயர் வைத்தது.

இரண்டரை மணிநேரக் கறி கயிறாக இருந்தது. மென்று மென்று ஊருக்கே தாடை அகன்றது. போட்டோ ஸ்டுடியோக்காரர் குடும்பப் படம் எடுக்கக் கேமராவைப் பின்சுவர் வரை தள்ளி வைக்க வேண்டியதாயிற்று. ஆனாலும் யாரும் பெரிதாகக் குறைபட்டுக்கொள்ளவில்லை. கறி தின்று ஒருவர்கூடப் படுக்கவில்லையே.

உண்மையில் பரிசோதகர் பிடிவாதக்காரர் அல்ல, பயந்தவர். பன்னிரண்டு வயதில், வேலைக்குப் போன அம்மா வருவதற்குள் தங்கை பசியில் அழுகிறாளே என்று, நடுவில் சிவந்திருந்த கறியை இறக்கி வைத்து, வெந்துடுச்சு, சாப்பிடு என்று சொன்னவர் அவர். அந்தக் காலத்துப் பன்றிகள் குப்பையில் மேய்ந்தவை. கறிக்குள் புழு இருந்தது. தங்கைக்கு முகம் வீங்கியது, கைகால் நோவெடுத்தது, இருபத்தொன்றாம் நாள் போய்விட்டாள். அதன்பிறகு அவர் பன்றிக்கறியை வாயில் வைக்கவில்லை. கறியும் அவர் சொல்லை ஒருபோதும் பொய்யாக்கவில்லை. இதை அவர் மனைவியிடம் மட்டும், அதுவும் கல்யாணமாகிப் பத்து வருடம் கழித்துத்தான் சொன்னார்.

பிறகு தலைமை அலுவலகத்திலிருந்து சுற்றறிக்கை வந்தது. இப்போது பன்றிகள் கொட்டகையில் தீவனம் தின்று வளர்கின்றன, பழைய புழு அரிதாகிவிட்டது. முழுத் துண்டின் நடுவில் அறுபத்து மூன்று டிகிரி சூடு ஏறி, இறக்கி மூன்று நிமிடம் வைத்தால் போதும், உள்ளே லேசாகச் சிவந்திருந்தாலும் பாதகமில்லை, கொத்துக்கறிக்கு மட்டும் இன்னும் சூடு வேண்டும் என்றது அது. கறியில் குத்திப் பார்க்க ஒரு தெர்மாமீட்டரும் கூடவே வந்தது. பரிசோதகர் கையெழுத்துப் போட்டு வாங்கி, இரண்டையும் மேஜை டிராயரில் வைத்துப் பூட்டினார். ஊரில் யாரிடமும் மூச்சு விடவில்லை. கறிக்கடைக்காரர் எப்படியோ மோப்பம் பிடித்து வந்து விசாரித்தபோது, எழுதுகிறவர்களுக்கென்ன, ஃபேனுக்கடியில் உட்கார்ந்து எழுதிவிடுவார்கள் என்று அனுப்பிவைத்தார்.

அந்த வருடம் மனைவிக்குக் காய்ச்சல் வந்து ஒன்றரை மாதம் புரட்டி எடுத்தது. காய்ச்சல் விட்ட பிறகும் சாப்பாடு இறங்கவில்லை. கஞ்சி குமட்டியது, ரொட்டியைத் தள்ளினாள், மோதிரம் விரலில் நிற்காமல் கழன்று விழுந்தது. டாக்டர் பரிசோதகரைத் தனியே கூப்பிட்டு, சாப்பிடாவிட்டால் பிழைப்பது கஷ்டம் என்று ஒளிக்காமல் சொல்லிவிட்டார். அவள் கேட்டது ஒன்றே ஒன்று: பன்றிக்கறி, மெல்லத் தெம்பில்லாதவளும் தின்கிற மாதிரி.

அன்று மத்தியானம் பரிசோதகர் டிராயரைத் திறந்தார். கறியை அடுப்பேற்றி நாற்பது நிமிடத்தில் தெர்மாமீட்டர் முள் அறுபத்து மூன்றைத் தொட்டது. சட்டியை இறக்கி வைத்துக் கடிகாரத்தைப் பார்த்து நின்றார். மூன்று நிமிடம் பத்து நிமிடமானது. அவர் வாய் திறக்காததால் கறி பச்சையாகவே கிடந்தது. கடைசியில் படுக்கையருகே வந்து, முதலில் தான் தின்று இருபத்தொரு நாள் பார்ப்பதாகவும், ஒன்றும் ஆகாவிட்டால் அப்புறம் அவளுக்குத் தருவதாகவும் சொன்னார்.

"இருபத்தொரு நாள் நான் இருப்பேனா? மொதல்ல அதச் சொல்லுங்க," என்றாள் மனைவி.

அவர் கட்டிலின் ஓரத்தில் உட்கார்ந்தார்.

"அன்னிக்கு நீங்க பொய் சொல்லலங்க. பசிக்குதுன்னு அழுத புள்ளைக்குச் சாப்பாடு போட்டீங்க, அவ்வளவுதான். இன்னிக்கு எனக்குப் பசிக்குது."

ஒன்றரை மாதத்தில் அவள் வாயிலிருந்து பசி என்ற சொல் வந்தது அப்போதுதான். பரிசோதகர் திரும்பிச் சட்டியைப் பார்க்கக்கூட இல்லை.

"வெந்துடுச்சும்மா," என்றார்.

கறி வெந்தது. நடுவில் நகத்தடியின் நிறத்தில் இருந்தது, கரண்டி பட்டதும் பிரிந்தது. மனைவி நான்கு துண்டு தின்றாள். ஐந்தாவதை அவர் வாய்க்கு நேராக நீட்டினாள். நாற்பத்தாறு வருடம் கழித்து அவர் பன்றிக்கறி தின்றார், தின்றுகொண்டே அழுதார். இவ்வளவு ருசியாகவா இருக்கும் என்று அவளிடமே கேட்டார்.

இருபத்திரண்டாம் நாள் அவள் எழுந்து வீட்டைக் கூட்டினாள். அதற்குப் பிறகே சுற்றறிக்கை அலுவலகப் பலகையில் ஒட்டப்பட்டது. ஜனங்கள் நாற்பது நிமிடத்திலேயே சட்டியோடு வந்தார்கள். கொத்துக்கறி கொண்டுவந்தவர்களை மட்டும் இன்னும் கொஞ்சம் வேகட்டும் என்று அனுப்பினார். ஒரு ஞாயிறு அவர் குளித்துக்கொண்டிருந்தபோது வரிசை தெருமுனை வரை நீண்டுவிட்டது. மனைவி ஜன்னலுக்கு வந்து, முதல் சட்டியில் தெர்மாமீட்டரைக் குத்திப் பார்த்து, "வெந்துடுச்சு, எடுத்துட்டுப் போங்க," என்றாள். வெந்தது. அன்றிலிருந்து ஒரு வாரம் அவர், ஒரு வாரம் அவள்.